வாக்கரா, ஃபுல்லரா? மிதித்த தொழில் ஒன்று, பெயர் இரண்டு

வாக்கர், ஃபுல்லர் இரண்டும் தொழிலால் வந்த ஆங்கிலக் குடும்பப் பெயர்கள். வாக்கர் என்றால் நடப்பவர், அவ்வளவுதானே என்று தோன்றும். பாதி சரி. இடைக்கால இங்கிலாந்தில் தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட மூத்திரமும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, வெறுங்காலால் மிதிமிதியென்று மிதிப்பார்கள். பிசுக்கு போகும், துணி சுருங்கி இழை இறுகும். நாற்றத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அப்படி மிதித்தவர்தான் வாக்கர். ஃபுல்லரும் அதே ஆள்தான்!

வித்தியாசம் வட்டாரத்தில். வடக்கே வாக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். (தென்மேற்கில் டக்கர் என்று மூன்றாவது பங்காளியும் உண்டு.) வாக்கர் பழைய ஆங்கிலச் சொல், ஃபுல்லரின் வேர் லத்தீன். எண்ணிக்கையில் வாக்கர்கள்தான் அதிகம்.

பெயர் பெற்றவர்கள்? வாக்கர் பக்கம், 1983இல் புலிட்சர் பரிசு வாங்கிய எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் இருக்கிறார். எனக்குப் பிடித்தவர் ஜான் வாக்கர். வட இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் மருந்துக்கடை வைத்திருந்தவர். உரசினால் பற்றும் தீக்குச்சியை 1827இல் விற்க ஆரம்பித்தார். காப்புரிமை மட்டும் வாங்கவில்லை.

ஃபுல்லர் பக்கம் ஆட்கள் குறைவு, ஆனால் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஒருவரே போதும். முக்கோணங்களை இணைத்து அவர் எழுப்பிய கோளக் கூடம் 1967இல் மாண்ட்ரியல் கண்காட்சியில் நின்றது. அப்புறம் 1985இல், 60 கார்பன் அணுக்கள் கால்பந்து மாதிரி கோத்திருந்த மூலக்கூறைக் கண்டவர்கள், அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.