ஏழு மீற்றர் வீடும் மூன்றரைத் தொன் வரம்பும்

ஜேர்மனியின் ஹம் நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் பயணம் செய்ய நடுத்தர அளவு மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலடுப்பும் உள்ள வீட்டு வண்டி ஒன்று, வாங்க நினைக்கிறார். நான் வைத்திருக்கும் வகையையே எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். 6.99 மீற்றர் நீளம், பின்பக்கத்தில் குறுக்கே அடுக்குக் கட்டில், முன்பக்கத்தில் கூரையிலிருந்து இறக்கும் கட்டில், ஆசனப்பட்டியுடன் நான்கு இருக்கைகள் ஆகிய விவரங்கள் அவருக்குத் தெரிந்தவையே. ஆகவே, வாங்கிய நாளிலிருந்து என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரே விடயத்தை, அதாவது எடையைப் பற்றி எழுதுகிறேன்.

ஜேர்மனியில் பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் சுமையுடன் சேர்த்து 3500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட வாகனத்தையே ஓட்டலாம். என் வண்டியின் பத்திரத்தில் பயணத்துக்குத் தயாரான எடை 2950 கிலோ என்றிருப்பதால், 550 கிலோ மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த 2950இல் 75 கிலோ எடையுள்ள சாரதி ஒருவர் மட்டுமே அடக்கம். மற்ற மூவருக்கும் அதே கணக்கில் 225 கிலோவைக் கழிக்க வேண்டும். தொட்டியில் 100 லீற்றர் நன்னீர் கொள்ளும் என்றாலும் 20 லீற்றரை மட்டும் கணக்கில் சேர்க்கத் தயாரிப்பாளருக்கு விதி இடமளிப்பதால், தொட்டியை நிரப்பும்போது இன்னும் 80 கிலோ போகிறது. வெயில்மறைப்பு, சைக்கிள் தாங்கி, இரண்டாவது பற்றரி, சூரிய மின்தகடு என்று நாங்கள் கேட்டுப் பொருத்திய மேலதிகப் பொருட்கள் 120 கிலோ. மிஞ்சுவது 125 கிலோ. இதற்கு மேலும், தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி பத்திரத்தில் உள்ளதைவிட 5 சதவீதம் வரை கனமாக இருக்கலாம் என்று ஐரோப்பிய விதி ஏற்கிறது. 2950இல் அது 147 கிலோ. அப்படியானால், சட்டப்படி எந்தக் குறையும் இல்லாத ஒரு வண்டியில், நான்கு பேர் ஏறித் தண்ணீரும் நிரப்பிய பின் ஒரு தலையணைக்குக்கூட எடை மிஞ்சாமல் போகலாம்.

பயணப் பொருட்களுக்கென்று குறைந்தது எவ்வளவு விட வேண்டும் என்பதற்கும் ஒரு சூத்திரம் உண்டு: ஆட்களின் எண்ணிக்கையையும் மீற்றரில் நீளத்தையும் கூட்டிப் பத்தால் பெருக்க வேண்டும். எங்களுக்கு அது ஏறத்தாழ 110 கிலோ. உடுப்பு, படுக்கை விரிப்பு, பாத்திரம், மேசை, கதிரை, சைக்கிள், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான்கு இருக்கை, நான்கு படுக்கை என்று விளம்பரத்தின் முதற்பக்கத்தில் பெரிதாக அச்சிடுபவர்கள் இந்தக் கணக்கைக் கடைசிப் பக்கத்தின் சிறிய எழுத்தில் வைப்பது எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாத ஒன்று. எங்களுக்கு விற்றவர் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்; எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விடுமுறைக்குப் புறப்பட்ட அன்று, பக்கத்துக் கிராமத்துத் தானியக் களஞ்சியத்தில் லொறிகளை நிறுக்கும் தராசில் வண்டியை ஏற்றினோம். சீட்டில் 3560 என்று வந்தது. பிள்ளைகள் ஆளுக்கு 75 கிலோ இல்லாததால்தான் அதோடு நின்றது. ஜேர்மனியில் அந்த அளவுக்குத் தண்டப்பணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் மலையிறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டிய எடை அது. அன்றே பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். பின்னர் 11 கிலோ எரிவாயு கொள்ளும் இரும்புச் சிலிண்டர்கள் இரண்டையும் அலுமினியத்துக்கு மாற்றினேன். ஈயப் பற்றரிகளை எடுத்துவிட்டு லித்தியம் போட்டேன். அப்படியும், ஒவ்வொரு முறையும் புறப்படும்போது மனைவி 5 கிலோ சம்பா அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். குரோஷியக் கடற்கரையில் அந்த அரிசிக்கு எங்கே போவது?

பின்னால் தொங்கும் சைக்கிள்கள் இன்னொரு தொல்லை. பின்சக்கரத்துக்கு அப்பால் ஏற்றும் சுமை பின் அச்சை அழுத்தி, முன் அச்சை நெம்பித் தூக்குகிறது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி என்பதால், ஈரப் புல்லில் அவை பிடிமானமின்றி வெறுமனே சுழலும். மழைக்குப் பின் முகாம் திடலிலிருந்து வெளியேற ரப்பர் விரிப்புகளை வைத்திருக்கிறோம். அவற்றுக்கும் எடை உண்டு.

மற்றபடி இந்த வண்டியில் நான் குறைசொல்ல ஏதுமில்லை. பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி யன்னலும் வாசிப்பு விளக்கும் இருப்பதால் படுக்கையில் சண்டையே இல்லை. பனிக்காலத்தில் எரிவாயுச் சூடாக்கி உள்ளே சட்டையுடன் இருக்க வைக்கிறது. இடியப்பம் அவித்தாலும் அடுப்புக்கு மேலுள்ள கூரைச் சாளரம் ஆவியை நன்றாக இழுத்துவிடுகிறது. இதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் நண்பரே, நீங்கள் இதை வாங்க வேண்டாம். ஏழு மீற்றர் நீளம், நான்கு பேர், 3500 கிலோ என்ற மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. மேசையும் கட்டிலும் அப்படியே இருக்க, கனரக அடித்தளத்தில் 4 தொன்னுக்கு மேல் அனுமதி பெற்ற வண்டியைக் கேளுங்கள். 1999க்கு முன் இங்கே மூன்றாம் வகுப்பு அனுமதிப்பத்திரம் எடுத்த நம் மூத்தவர்கள் 7.5 தொன் வரை ஓட்டலாம். உங்களுக்கும் எனக்கும் அதற்குச் சி1 வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றுடன் புதுப்பிக்க வேண்டும். பி வகுப்பினர் மேலதிகப் பயிற்சியோ தேர்வோ முடித்து 4250 கிலோ வரையான மோட்டார்ஹோம் ஓட்ட இடமளிக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2025இல் ஏற்கப்பட்டது என்றாலும், அது நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் செல்லும். 3.5 தொன்னைத் தாண்டினால் அவுட்டோபான் என்ற ஜேர்மன் அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகமே உச்சம், லொறிகளுக்கான முந்தத் தடை உங்களுக்கும் பொருந்தும், ஒஸ்திரியாவில் கண்ணாடியில் ஒட்டும் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டுக்குப் பதிலாகத் தூரத்துக்கேற்பச் சுங்கம் கட்ட வேண்டும். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்த பின்பும், அரிசிப் பையை இறக்கி வைப்பதைவிட அந்தச் செலவே மேல் என்பேன். எதை எடுத்தாலும், நீங்கள் கேட்ட மேலதிகப் பொருட்கள் அனைத்தும் பொருத்தப்பட்ட பின்னான எடையை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திட வேண்டாம்.