சென்னை ஐஐடியா, பெங்களூரு ஐஐஎஸ்சியா?

இரண்டிலும் ராக்கெட் முதல் தண்ணீர் வரை எல்லா ஆராய்ச்சியும் உண்டு, போக்குதான் வேறு. 1959-இல் தொடங்கிய சென்னை ஐஐடி, எதையும் பொருளாக்கிக் காட்டுவதில் கெட்டி. கணினிகளை இயக்கும் சில்லான சக்தி நுண்செயலி அங்கே பிறந்ததுதான். அங்கு வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாணத்தில் அச்சிட்ட எஞ்சினோடு 2024 மே மாதம் ராக்கெட்டைப் பறக்கவிட்டது.

1909-இல் உருவான ஐஐஎஸ்சிக்கு, அதாவது இந்திய அறிவியல் கழகத்துக்கு, பொறுமை அதிகம். முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேரை அளந்து, 1 செ.மீ. தடிமனைத் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, 1988 முதல் கணக்கெடுக்கிறார்கள். எது பிழைத்தது, எதை யானை ஒடித்தது, எது தீயில் கருகியது, எல்லாம் பதிவாகும். அறிவியல் கழகம் மரம் எண்ணுமா என்றால், எண்ணும்!

சட்டென்று கையில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டுமா, சரி, சென்னை. எனக்கென்னவோ முதுமலை மேல்தான் கண்.