மின்சைக்கிளின் ஹாண்டிலில் எதைப் பூட்டலாம்: இரண்டே முக்கால் வருட அனுபவம்

இன்று என் மின்சைக்கிளின் ஹாண்டிலில் இருப்பவை நான்கு வகைப் பொருட்கள்: வலப்பக்கத்தில் பின்பார்வைக் கண்ணாடி, இடப்பக்கத்தில் பித்தளை மணி, நடுவில் லைற், இரு முனைகளிலும் திருகாணியால் இறுக்கும் வகைக் கைபிடி றப்பர்கள். இந்த நிலைக்கு வந்து சேர்வதற்குள் வாங்கிப் பூட்டி, சில நாளோ சில மாதமோ ஓடிப் பார்த்து, கழற்றி வைத்தவை ஒன்பது. முன்கூடையைத் தவிர மற்றவை இப்போதும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கின்றன. எந்தப் பொருள் ஏன் நின்றது, எது ஏன் கழன்றது என்பது, எங்கள் யாழ்ப்பாணத்து வீதிகளில் மின்சைக்கிள் ஓடுபவர்களுக்கும் வாங்க எண்ணியிருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

2022 இல் பெற்றோலுக்காக விடியப்புறமே வரிசையில் நின்ற நாட்களும், பின்னர் கியூஆர் முறை வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்த நாட்களும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த அலைச்சல் போதும் என்று 2023 தை மாதத்தில் இந்த வண்டியை வாங்கினேன். பின்சில்லுக்குள் மோட்டர், 36 வோல்ற் பற்றரி, வலக்கையால் முறுக்கும் அக்சிலேற்றர். பெடலை மிதித்தாலும் மோட்டர் துணைக்கு வரும். இணுவிலிலிருந்து சுண்டுக்குளியில் உள்ள வேலையிடத்துக்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர். 2025 ஐப்பசியோடு இரண்டே முக்கால் வருடம் ஆனது; வண்டி 11,000 கிலோமீற்றரைக் கடந்துவிட்டது.

ஹாண்டிலில் எதைப் பூட்டுவது என்று யோசிப்பதற்கு முன், மின்சைக்கிளில் போவது சாதாரண சைக்கிளில் போவதிலிருந்து எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாதாரண சைக்கிளில் நாங்கள் வீதியின் இடது கரையோடு ஒதுங்கிப் போகிறோம். மற்றவர்கள்தான் எங்களை முந்துகிறார்கள். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் மின்சைக்கிளில் போகும்போது, சோடி சோடியாகப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், கரியரில் மரக்கறி மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும் ஐயாமாரையும் நாங்கள் முந்துகிறோம். ஒவ்வொரு முறை முந்தும்போதும் வண்டியை வலப்பக்கமாக, பின்னால் வரும் பஸ்ஸும் ஹயஸ் வானும் வரும் பாதைக்குள் எடுக்க வேண்டியிருக்கிறது. காலை ஏழரை மணிக்குக் காங்கேசன்துறை வீதியில் இணுவிலுக்கும் தட்டாதெருச் சந்திக்கும் இடையில் நான் இப்படி இருபது தடவையாவது விலகுகிறேன். அந்த வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஏழு மீற்றர் ஓடிவிடும். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை முன்னுக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு கட்டாக்காலி மாடு வீதிக்கு இறங்கிவிடும். ஆகவே காசு கொஞ்சமாக இருந்தாலும் முதலில் வாங்க வேண்டியது கண்ணாடிதான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால், எங்களை முந்துபவை எல்லாம் வலப்பக்கத்தால் வருகின்றன; கண்ணாடியும் வலப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கடைகளுக்கு வரும் பல கண்ணாடிகளின் பெட்டியில் உள்ள படம் இடப்பக்கத்தில் பூட்டுவதையே காட்டுகிறது, ஏனென்றால் அவை வலப்பக்கமாக வாகனம் ஓடும் நாடுகளை நினைத்துச் செய்யப்பட்டவை. தண்டு ஒரு பக்கத்துக்கென வளைக்கப்பட்டிருந்தால் அதை மற்றப் பக்கத்தில் பூட்டிப் பயனில்லை. என் முதற் கண்ணாடி அப்படிப்பட்டது, எவ்வளவு திருப்பினாலும் என் முழங்கையைத்தான் காட்டியது. இரு பக்கமும் பூட்டக்கூடிய, மூட்டில் சுழலும் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். தண்டு நீளமானால் அதிர்வில் உருவம் கலங்கும். கொக்குவில் பக்கத்துத் தண்டவாளக் கடவையைத் தாண்டியதும் என் இரண்டாவது கண்ணாடி ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த தளவாடி (தட்டையான கண்ணாடி), குவிவாடி (வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி) வேறுபாடு இங்கே உயிரோடு சம்பந்தப்பட்டது. தளவாடி தூரத்தை உள்ளபடி காட்டும், ஆனால் வீதியின் ஒரு கீற்றைத்தான் காட்டும். குவிவாடி முழு வீதியையும் காட்டும், ஆனால் பின்னால் நெருங்கிவிட்ட பஸ்ஸைச் சிறிதாக்கித் தொலைவில் நிற்பதுபோல் காட்டும். நான் குவிவாடியையே வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை என்றால் மட்டும் நம்புகிறேன். ஏதாவது தெரிந்தால், அது எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும், அது கடந்து போகும்வரை விலகுவதில்லை. இந்தப் பழக்கம் கைவர எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

ஹாண்டிலின் முனைக் குழாய்க்குள் செருகி இறுக்கும் கண்ணாடிதான் ஆட்டம் குறைந்தது. ஆனால் மின்சைக்கிளில் அதற்கு ஓர் ஆபத்து இருக்கிறது. வலப்பக்க முனையில்தான் முறுக்கும் அக்சிலேற்றரும் இருக்கிறது. 2023 ஆடி மாதத்தில், கண்ணாடி சற்று ஆடுகிறதே என்று முதல்நாள் மாலை அதை உள்ளே தள்ளி இறுக்கிவிட்டு, மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்டேன். கொக்குவில் சந்தியை நெருங்கும்போது முன்னால் ஓர் ஓட்டோ நின்றது. அக்சிலேற்றரிலிருந்து பிடியைத் தளர்த்தினேன். மோட்டர் நிற்கவில்லை, வண்டி இழுத்துக்கொண்டே போனது. இரண்டு பிறேக்கையும் பிடித்ததும் மோட்டர் அடங்கியது. பிறேக்கைச் சற்றுத் தளர்த்த மறுபடியும் இழுத்தது. ஓட்டோவின் பின்பக்கத்துக்கு ஒரு முழத்தில் நின்று, பிறேக்கை விடாமலே இடக்கைப் பெருவிரலால் சுவிற்சை அணைத்தேன். கரையில் நிறுத்திப் பார்த்தபோது, கண்ணாடியின் அடிவளையம் சுழலும் பிடியின் விளிம்பை அழுத்தி, அது தன் இடத்துக்குத் திரும்பாதபடி பிடித்து வைத்திருந்தது.

கோண்டாவிலில் நாற்பது வருடமாகச் சைக்கிள் திருத்தும் ஐயா ஒருவரிடம் அன்று மாலையே வண்டியைக் கொண்டு போனேன். அவர் கண்ணாடியைத் தளர்த்தி வெளியே இழுத்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய்க் குற்றிகள் இரண்டை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, பிடிக்கும் கண்ணாடி வளையத்துக்கும் இடையில் நுழைத்தார். "தம்பி, சுத்துற சாமானோட சுத்தாத சாமானை முட்ட விடப்படாது. இந்த ரெண்டு குத்தியும் லேசாப் போய்வர வேணும். அதுதான் அளவு" என்றார். பிறகு பின்சில்லை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தி, ஹாண்டிலை நேராகவும், முழுதாக இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பியும் வைத்து, அக்சிலேற்றரை முறுக்கி முறுக்கி விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது தானாகவே துள்ளித் திரும்ப வேண்டும். இந்தச் சோதனையை நான் இன்றும் ஞாயிறு காலைகளில் செய்கிறேன். பிடியின் உட்பாதி மட்டும் சுழலும் அரைப் பிடி அக்சிலேற்றரோ பெருவிரலால் அழுத்தும் வகையோ உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் குறைவு. முழுப் பிடியும் சுழலும் வண்டி என்றால், முனையில் செருகும் கண்ணாடிக்குப் பதிலாக, பிறேக் பிடிக்கு உட்பக்கத்தில் வளையத்தால் பூட்டும் கண்ணாடியே பாதுகாப்பானது என்பது என் முடிவு. சற்று ஆடினாலும் பரவாயில்லை. நானும் பின்னர் அதற்கே மாறிவிட்டேன்.

அன்று என்னைக் காப்பாற்றியது பிறேக் பிடிக்குள் இருக்கும் சிறிய சுவிற்ச். மின்சைக்கிளின் பிறேக் பிடியிலிருந்து இரும்புக் கம்பியோடு ஒரு மெல்லிய வயரும் போவதைக் காணலாம்; பிடியை அழுத்தியதும் அந்த வயர் வழியாகச் செய்தி போய் மோட்டருக்கு மின் நின்றுவிடுகிறது. பிடி முறிந்தால், அழகான சாதாரணப் பிடி ஒன்றைப் போட்டுவிட்டு அந்த வயரைச் சுருட்டிக் கட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். வயர் உள்ள பிடி வரும்வரை வண்டியை வீட்டில் நிறுத்தி வைப்பதே சரி. ஹாண்டிலில் இடம் ஒதுக்கும்போதும் பிறேக் பிடிகளுக்கே முதலிடம். அவை உங்கள் விரல்களுக்குப் பொருந்தும் இடத்தில் முதலில் நிற்கட்டும். மீதி எல்லாம் மிஞ்சிய இடத்தில் வரட்டும்.

மணியைப் பற்றி நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. மின்சைக்கிளுக்குச் சத்தம் இல்லை என்பதை எங்கள் ஒழுங்கைகள்தான் எனக்குக் கற்றுத் தந்தன. இரு பக்கமும் ஆளுயர மதில், வளைவில் வருபவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், மோட்டார் சைக்கிள் என்றால் காது சொல்லும், எங்கள் வண்டியை எதுவும் சொல்லாது. பற்றரியில் வேலை செய்யும் ஹோர்ன் ஒன்றைப் பூட்டி ஆறு மாதம் ஓடினேன். அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் மோட்டார் வாகனம் வருவதாக நினைத்துத் திடுக்கிட்டு, சிலர் வீதிக்குள்ளேயே பாய்ந்தார்கள். முன்னால் சைக்கிளில் போன வயதான அம்மா ஒருவர் தடுமாறி மதிலோடு சாய்ந்த பிறகு அதைக் கழற்றிவிட்டேன். பித்தளை மணியின் "கிணிங்" என்ற ஓசைக்கு இந்த ஊரில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்: பின்னால் ஒரு சைக்கிள் வருகிறது, சற்று இடம் விடுங்கள். மணியை இடக்கைப் பெருவிரல், பிறேக்கிலிருந்து மற்ற விரல்களை எடுக்காமலே தட்டக்கூடிய இடத்தில் பூட்ட வேண்டும். ஹாண்டிலின் கைபிடிப் பகுதி பெரும்பாலும் 22.2 மில்லிமீற்றர் விட்டமுடையது, நடுப்பகுதி 25.4 அல்லது 31.8 வரை தடிக்கும். வாங்கும்போது வளையத்தின் அளவைப் பாருங்கள்.

லைற்றில் நான் இழந்த காசுதான் அதிகம். நகரக் கடை ஒன்றில் "எந்த வண்டிக்கும் சரிவரும்" என்று தந்த லைற்றை வண்டியின் பற்றரியோடு இணைத்தார்கள். அது 12 வோல்ற்றுக்கானது. என்னுடைய 36 வோல்ற் பற்றரி முழுதாகச் சார்ஜ் ஏறி நிற்கும்போது 42 வோல்ற் காட்டும். 48 வோல்ற் லிதியம் பற்றரி என்றால் 54.6 வரை போகும். மூன்றாம் நாள் இரவு, மழை தூறிக்கொண்டிருக்க, ஒழுங்கையின் நடுவில் றப்பர் கருகும் மணத்தோடு அது அணைந்தது. லைற்றின் உடலில் எழுதியுள்ள வோல்ற் எல்லை உங்கள் பற்றரியின் முழுச் சார்ஜ் அளவையும் தாங்குகிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள், எழுதியில்லாவிட்டால் வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு லைற்றின் நீர்காப்புக் குறியையும் பாருங்கள்: ஐபிஎக்ஸ்4 என்ற குறி, எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரை லைற் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. பீய்ச்சி அடிக்கும் நீருக்கு ஐபிஎக்ஸ்5 வேண்டும். பஸ் கடந்து போகும்போது வெள்ளத்தை அள்ளி எறியும் எங்கள் வீதிகளுக்கு நான் ஐந்தையே சொல்வேன்.

பிறகு தனியாகச் சார்ஜ் போடும் லைற் ஒன்றை ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி கொண்டுவந்து தந்தான். அதன் உடலில் அலைபோன்ற ஒரு கோடும், "கே" எழுத்தும், ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நாட்டு வீதி விதிகளின்படி அனுமதி பெற்றது என்பதற்கான அடையாளம் அது. ஒளியின் மேல்விளிம்பு வாகனங்களின் தாழ்ஒளி போல் வெட்டப்பட்டிருப்பதால், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமல் முழு ஒளியும் வீதியில் விழுகிறது. மதிலுக்கு ஐந்து மீற்றர் தள்ளி நிறுத்தி, அந்த மேல்விளிம்பு லைற் இருக்கும் உயரத்துக்குக் கீழே விழும்படி சரிக்க வேண்டும். அதற்கு முன் நான் வைத்திருந்த, மின்னி மின்னி எரியும் வெள்ளை லைற்றைப் பற்றி எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தியே சொன்னார்: "அண்ணை, நீங்கள் கிட்ட நிக்கிறியளா தூர நிக்கிறியளா எண்டே தெரியேல்லை." அவர் சொன்னது உண்மை. இரவில் முன் லைற் நிலையாக எரிய வேண்டும்.

கைத்தொலைபேசி தாங்கியை எட்டு மாதம் வைத்திருந்து கழற்றினேன். இயந்திர அதிர்வு தொலைபேசிக் கமெராவைப் பாதிக்கக்கூடும் என்று அப்பிள் நிறுவனமே 2021 இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களை எச்சரித்தது. மின்னில் ஓடும் சிறு வண்டிகளுக்கும் அதிர்வு தணிக்கும் தாங்கியையே பரிந்துரைத்தது. ஆனால் நான் கழற்றியது அதற்காக அல்ல. திரை ஒளிரும்போதெல்லாம் கண் தானாகக் கீழே போனது, அவ்வளவுதான்.

முன்கூடையை மட்டும் மனமில்லாமல் கழற்றினேன். ஹாண்டிலோடு பூட்டிய கூடை லைற்றை மறைத்தது. பாரம் ஏற்றினால் ஹாண்டில் திரும்பிய பக்கமே விழப் பார்த்தது. ஆடி மாதத்துச் சோளகம் வீசும்போது பண்ணைப் பாலத்தில் வேலணைப் பக்கம் போன ஒரு நாள், காலிக் கூடையே காற்றைப் பிடித்து முன்சில்லை இழுத்தது. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய மரக்கறியைச் சொப்பின் பையில் போட்டு ஹாண்டிலில் தொங்கவிடுவது எங்கள் எல்லோருடைய பழக்கம். மெதுவாகப் போகும் சைக்கிளில் அது பழகிவிட்ட விடயம்; 25 கிலோமீற்றர் வேகத்தில் பை ஆடி ஆரைக்கம்பிக்குள் போனால் முன்சில்லு நின்றுவிடும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போய்விழுவார். இப்போது எல்லாப் பாரமும் பின்கரியரில்தான்.

கைபிடி றப்பருக்கு அதிகம் சொல்வதற்கில்லை. வெயிலில் பிசுபிசுத்து மழையில் வழுக்கிச் சுழலும் மெத்தை வகையை விட்டு, திருகாணியால் இறுக்கும் வகையைப் போடுங்கள்.

திருகாணிகளைப் பற்றி ஒரு விடயம் மட்டும். கடற்காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. கண்ணாடியோடு வந்த திருகாணிகள் ஒன்றரை வருடத்தில் துருவேறி, அலன் கீ பிடிக்க முடியாமல் தலை தேய்ந்துவிட்டன. அவற்றைத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளாக மாற்றி, பூட்டும்போது கொஞ்சம் கிறீஸ் தடவியிருக்கிறேன். லைற்றையும் ஹாண்டிலிலிருந்து இறக்கி, முன்சில்லைத் தாங்கும் முன்கவட்டின் தலையில் பூட்டும் எண்ணம் இருக்கிறது. அதற்கேற்ற தகடு கடையில் கிடைக்காததால், ஒட்டுவேலைப் பட்டறை ஒன்றில் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.