கிரனாடா போகிறீர்களா? அல்ஹம்ப்ரா டிக்கெட் விஷயத்தில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்க்க என்று ஒருவருக்கு 59 யூரோ வாங்கிக்கொண்டு, அந்த அரண்மனைக்குள் நுழையவே முடியாத டிக்கெட்டை எங்கள் கையில் கொடுத்தார்கள், இணையத்தில் டிக்கெட் விற்கும் ஒரு தளத்துக்காரர்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் நெதர்லாந்திலும் படிக்கும் நம் பிள்ளைகள் மலிவு விமானம் பிடித்து வார இறுதியில் ஸ்பெயினுக்குப் போய்வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அடுத்து கிளம்பப்போகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அல்ஹம்ப்ரா என்ன மாதிரி இடம் என்று தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே நடக்கிறது என்பது புரியும். அது ஒரே கட்டடம் இல்லை. ஒரு குன்று முழுக்க விரிந்து கிடக்கும் வளாகம். ஒரு முனையில் அல்கசாபா என்ற பழைய கோட்டை. இன்னொரு பக்கம் ஹெனெராலிஃபே என்ற தோட்டமும் கோடைக்கால மாளிகையும். நடுவில் நசாரி அரண்மனைகள். 1492-இல் கத்தோலிக்க அரசர்களிடம் நகரத்தை ஒப்படைக்கும் வரை கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரச வம்சத்தினர் வாழ்ந்த இடம் அதுதான். படங்களில் நாம் பார்க்கும் சிங்க முற்றம், நீளமான குளம், தேன்கூடு போன்ற கூரை எல்லாம் அந்த நசாரி அரண்மனைகளுக்குள்தான் இருக்கின்றன.

அங்கே உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. டிக்கெட்டில் ஒரு நேரம் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மூன்று பகுதிகளையும் பார்க்கும் பொது டிக்கெட்டின் அரசு விலை 20 யூரோவை ஒட்டியது. நசாரி அரண்மனைகளை விட்டுவிட்டுத் தோட்டத்தையும் கோட்டையையும் மட்டும் காட்டும் இன்னொரு டிக்கெட்டும் உண்டு. அது ஏறக்குறைய பாதி விலை. பொது டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். தோட்ட டிக்கெட் பெரும்பாலும் கடைசி நேரத்திலும் கிடைக்கும். இந்த இடைவெளியில்தான் எங்களுக்கு விற்றவர்கள் மாதிரியான ஆட்கள் பிழைக்கிறார்கள்.

நாங்கள் மூன்று பேர், ஜெர்மனியில் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள். ஒருத்தி கட்டடக்கலை படிக்கிறாள், திருச்சிக்காரி. முகர்னாஸ் என்று சொல்லப்படும் அந்தத் தேன்கூட்டுக் கூரை வேலைப்பாட்டைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வுக் கட்டுரை. வார இறுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிச் சேர்த்த பணத்தில் வந்தாள். 2025-இல் ஜெர்மனியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. 59 யூரோ என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நின்றுகொண்டு செய்த வேலை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மாதிரி தளங்களை நடத்துகிறவர்களுக்கு எதிரில் இருப்பது விடுமுறைக்கு வந்த பணக்காரரா, மாணவியா என்று எந்தக் கவலையும் கிடையாது.

எங்களுக்கு டிக்கெட் விற்ற தளம் தேடல் முடிவுகளில் விளம்பரமாக மேலே வந்தது. முகவரியிலேயே அல்ஹம்ப்ரா என்ற பெயர் இருந்தது. மேலே சிங்க முற்றத்தின் பெரிய படம், அதன் கீழே 'முழு அல்ஹம்ப்ரா நுழைவு, வழிகாட்டியுடன்' என்று கொட்டை எழுத்து. அந்தத் திருச்சித் தோழி பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய உரையாடல் பெட்டியில் நேரடியாகக் கேட்டாள்: "நசாரி அரண்மனைகளும் இதில் சேர்த்தியா?" பதில் வந்தது: "ஆமாம், முழுச் சுற்று." அந்த உரையாடலை அவள் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது அந்தப் படம்தான்.

பணம் போனதும் வந்தது டிக்கெட் இல்லை, ஒரு வவுச்சர். நுழைவு நேரம் 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று இருந்தது. பாஸ்போர்ட் எண் எதையும் கேட்கவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்: அல்ஹம்ப்ராவின் உண்மையான டிக்கெட் ஆளின் பெயரில்தான் வரும். ஒவ்வொருவருடைய பெயரும் அடையாள ஆவண எண்ணும் அதில் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயரும் எண்ணும் கேட்காமல் ஒருவர் நசாரி அரண்மனைக்கு டிக்கெட் உறுதி என்று சொன்னால், அவர் கையில் அந்த டிக்கெட் இன்னும் இல்லை என்றுதான் அர்த்தம். கிடைத்தால் வாங்கிக் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் எங்களுக்குக் கொடுத்ததைக் கொடுப்பார்கள்.

வெள்ளி இரவு மாலகாவில் இறங்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேருந்தில் கிரனாடா வந்து சேர்ந்தோம். விடுதியில் படுக்கப் போகும் நேரத்தில் வாட்ஸாப்பில் ஒரு செய்தி. நாளை காலை சந்திக்கும் இடம் மாறியிருக்கிறது, 'நிர்வாகக் காரணங்களால் பயணத் திட்டத்தில் சிறு மாற்றம்' இருக்கலாம் என்று. என்ன மாற்றம் என்று கேட்டோம். பதில் இல்லை. இரவு பதினொன்றரைக்கு இப்படிச் செய்தி அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில் வேறு வழி தேட யாருக்கும் அவகாசம் இருக்காது.

சனிக்கிழமை காலை, குன்றின் மேல் நுழைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு வழிகாட்டி நின்றிருந்தார். எங்களைப் போல இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு காகித டிக்கெட் கொடுத்தார். என் தோழி வாங்கியதும் படித்துவிட்டாள். அதில் தோட்டம், ஹெனெராலிஃபே, அல்கசாபா என்று மட்டுமே இருந்தது. நசாரி அரண்மனை என்ற பேச்சும் இல்லை, நுழைவு நேரமும் இல்லை. கேட்டதற்கு அந்த வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். "உங்களிடம் என்ன சொல்லி விற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைச் சுற்றிக் காட்ட மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்" என்றார். அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு எங்களிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் தோட்டத்தை நன்றாகவே காட்டினார், அதை மறுக்க மாட்டேன். ஹெனெராலிஃபேயில் மலையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் இன்றும் ஓடுகிறது. அல்கசாபாவின் கோபுரத்தில் நின்றால் ஒரு பக்கம் வெள்ளை வீடுகள் நிறைந்த அல்பைசின் மேடு, இன்னொரு பக்கம் சியரா நெவாடா மலைத்தொடர். ஆனால் நசாரி அரண்மனையின் வாசல் வரை போய், வரிசையில் நின்றவர்கள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்பது, மதுரைக்குப் போய்க் கொடிமரத்தோடு திரும்பி வருவது மாதிரி. உள்ளே இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரையில் 5,000-க்கும் மேற்பட்ட சிறு துண்டுகளைக் கோத்துச் செய்த முகர்னாஸ் இருக்கிறது. சிங்க முற்றத்தில் 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் தொட்டியின் விளிம்பைச் சுற்றி இப்னு சம்ரக் என்ற அரசவைக் கவிஞரின் பாடல் செதுக்கப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் என் தோழி வாசலில் நின்றபடி எங்களுக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். ஒரு வருடமாக நூலகத்தில் வரைபடமாகப் பார்த்த கூரை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வளாகத்தில் சில இடங்களுக்கு டிக்கெட்டே தேவையில்லை என்பதும் அங்கே போனபிறகுதான் தெரியவந்தது. ஐந்தாம் சார்லஸ் மன்னரின் அரண்மனைக்குள் இலவசமாகவே போகலாம். வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். நீதி வாயில் வழியாக யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். எங்கள் 'சிறப்புச் சுற்றில்' இந்த இரண்டையும் கட்டண இடங்கள் போலப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

(இன்னொரு சின்ன விஷயம். கீழே நகரத்தில் பேராலயத்தைச் சுற்றி, கையில் ரோஸ்மேரி கொத்தைத் திணித்து, கைரேகை பார்க்கிறேன் என்று சொல்லிக் காசு கேட்பவர்கள் நிற்கிறார்கள். வாங்காமல், நிற்காமல் நடந்துவிடுங்கள். இந்திய அட்டையில் பணம் எடுப்பவர்கள், ரூபாயில் கணக்கிடவா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அந்த இயந்திரம் போடும் மாற்று விகிதத்தில் நல்ல தொகை போய்விடும்.)

சரி, புகார் கொடுக்கலாம் என்று கிளம்பினோம். கிரனாடா இருக்கும் அண்டலூசியா மாநிலத்தில் கடை, விடுதி, உணவகம் என்று எந்தத் தொழில் நடத்துகிறவரும் அரசின் புகார்ப் படிவத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்களுக்கு விற்றவர்களுக்குக் கிரனாடாவில் ஒரு அலுவலகமும் இல்லை. வவுச்சரில் இருந்த முகவரிக்குப் போனால் அது நினைவுப்பொருள் விற்கும் கடை. "அவர்கள் இங்கே ஆட்களைச் சந்திப்பார்கள், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். நகராட்சியின் நுகர்வோர் அலுவலகம் சனி, ஞாயிறு பூட்டு. எங்களுக்கு ஞாயிறு இரவு விமானம். வார இறுதிக்கு மட்டும் வந்து போகிறவர்களை இவர்கள் குறிவைப்பது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்போது நாம் வேறு நாட்டில் வகுப்பில் உட்கார்ந்திருப்போம்.

இனி எப்படி வாங்குவது என்று சொல்கிறேன். அல்ஹம்ப்ராவை நிர்வகிப்பது பத்ரொனாத்தோ தெ லா அல்ஹம்ப்ரா இ ஹெனெராலிஃபே என்ற அரசு அமைப்பு. அவர்களுடைய டிக்கெட் தளத்திலேயே நேராக வாங்குங்கள். பாஸ்போர்ட் எண்ணைக் கொடுங்கள், அதே பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே நசாரி நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காத வார இறுதியை விட்டுவிட்டு வேறு தேதிக்குப் போவது நல்லது. பகல் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றால் மனம் தளர வேண்டாம். நசாரி அரண்மனைகளுக்குத் தனியாக இரவு நுழைவு இருக்கிறது. பகல் டிக்கெட்டைவிட விலை குறைவு, வெள்ளியும் சனியும் குளிர்காலத்திலும் உண்டு. அல்பைசினில் உள்ள பழைய அரபுக் கட்டடங்களையும் சேர்த்துத் தரும் தோப்லா தெ ஓரோ என்ற டிக்கெட்டையும் அதே தளத்தில் பாருங்கள். நகரத்தின் சுற்றுலா அட்டையான கிரனாடா கார்டு வழியாகவும் நுழையலாம், ஆனால் அதிலும் தோட்டம் மட்டும் உள்ள வகை ஒன்று இருக்கிறது, கவனித்து எடுங்கள். யாராவது ரத்து செய்த டிக்கெட்டுகள் தளத்தில் திடீரென்று திரும்ப வருவதும் உண்டு, அதனால் கிளம்பும் நாள் வரை பார்த்துக்கொண்டே இருங்கள்.

வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்றால், முறையாக அனுமதி பெற்ற முகவர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் 'பலாசியோஸ் நசாரியெஸ்' (நசாரி அரண்மனைகளின் ஸ்பானியப் பெயர்) சேர்த்தி என்று தெளிவாக எழுதுவார்கள், பதிவு செய்யும்போதே பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கேட்பார்கள், நுழைவு நேரத்தையும் சொல்வார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பணம் கட்டாதீர்கள். 'முழு', 'விரைவு நுழைவு', 'சிறப்பு' என்ற சொற்களுக்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: விற்பனைப் பக்கம், உரையாடல், வவுச்சர், கடைசியில் கையில் கொடுத்த டிக்கெட், எல்லாவற்றையும் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் திரும்பிய வாரத்திலேயே அந்தப் பக்கத்தில் 'இருப்பைப் பொறுத்து' என்ற வரியைப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள், ஒரு கெடு கொடுங்கள். எங்களுக்கு வந்த பதில், அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்பது. அப்புறம் வங்கியிடம் போங்கள். சொன்ன சேவை ஒன்று, கொடுத்தது வேறு என்று காட்டி, அட்டையில் போன பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வழி இருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

விற்றவர் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் பதிவு செய்த நிறுவனம் என்றால், ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் கட்டணம் இல்லாமல் உதவும். ஜெர்மனியில் வாழ்பவர்களுக்கான மையம் கேல் என்ற ஊரில் இருக்கிறது. இணையத்திலேயே புகார் எழுதலாம். படிக்க வந்த வெளிநாட்டவர் என்றாலும் அங்கே வசிப்பவர் என்ற முறையில் கேட்க நமக்கு இடம் உண்டு.

என் தோழியின் வங்கி அந்த உரையாடல் படத்தைப் பார்த்துவிட்டு 59 யூரோவையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. என் வங்கி விற்பனையாளரின் பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறது. கேல் மையத்துக்கும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது தோழி பணம் கட்டியது அட்டையில் இல்லை, வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றம். அதற்குத் தள்ளுபடி கொடுத்து அவளை அந்த வழிக்குத் தூண்டியதும் அந்தத் தளம்தான். அப்படிப் போன பணத்துக்குச் சார்ஜ்பேக் கிடையாது என்று அவளுடைய வங்கி கையை விரித்துவிட்டது. எந்த ஊர், எந்த டிக்கெட் ஆனாலும் தெரியாத தளத்தில் அட்டையில் மட்டும் கட்டுங்கள்.