சார்மினார் பக்கம் வாங்குன முத்து பிரேஸ்லெட்

ஹைதராபாத் போனப்ப சார்மினார் கிட்ட ஒரு சின்ன கடைல 850 ரூபாய்க்கு வாங்குனது, நன்னீர் முத்து, நடுநடுவுல அமெதிஸ்ட்ங்கற ஊதாக்கல்லு, கொஞ்சம் கலர் கண்ணாடி மணி. முத்த பல்லுல லேசா உரசுனா நறநறன்னு இருந்துச்சு, அதனால ஒரிஜினல்தான், ஆனா ஊதாக்கல்லுன்னு சொன்னதுல ரெண்டு வெறும் கண்ணாடி, வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சு பாத்தா உள்ள குட்டிக்குட்டி காத்துக்குமிழி! கேட்டு வாங்காதது என் தப்புதான் போல.

எலாஸ்டிக் நூலு மூணு மாசத்துலயே தொளதொளன்னு ஆயிடுச்சு, முத்துக்கு நடுவுல முடிச்சும் போடல, அறுந்தா மொத்தமும் தரைலதான். சென்ட்டு, வியர்வை பட்டா முத்து மங்கிடும்ங்க, வெயில்ல ரொம்ப நாள் கெடந்தா அமெதிஸ்ட்டும் வெளுக்கும். ஆனாலும் புடவைக்கு செம்மயா இருக்கு, 500க்கு குடுத்தா மறுபடி வாங்குவேன்.