தி லிவிங் ரூம் கேண்டிடேட்: பழைய எலெக்ஷன் விளம்பரம் பாக்க சூப்பர் சைட்

நியூயார்க்ல இருக்குற ஒரு மியூசியம் நடத்துற ஃப்ரீ சைட் இது, 1952லேர்ந்து அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு வந்த டிவி விளம்பரமெல்லாம் வருஷவாரியா அடுக்கி வச்சிருக்காங்க, அஞ்சு நிமிஷம் பாப்போம்னு உக்காந்தேன், ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு.

நேரா 1988க்கு போங்க. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ராணுவ டாங்க்ல சுத்துறத வச்சே, எதிர்த்து நின்ன குடியரசுக் கட்சி வேட்பாளர் புஷ் (சீனியர்) தரப்பு அவர கலாய்ச்சு ஒரு விளம்பரம் விட்டுச்சு. அதுக்கு டுகாகிஸ் குடுத்த பதில் இருக்கே, அதான் எனக்கு ஹைலைட். டிவில அதே டாங்க் விளம்பரம் ஓடுது, மனுஷன் வந்து பட்டுனு டிவிய ஆஃப் பண்ணிட்டு, எனக்கு வெறுத்துப்போச்சுங்குறார். கோவம் நியாயம்தான், ஆனா காசு குடுத்து எதிராளியோட விளம்பரத்த இவரே இன்னொரு தடவ ஓட்டுன மாதிரி ஆச்சே சாமி! அதுவும் லேட்டு, 40 மாநிலம் போச்சு.

2004ம் பாருங்க. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரியோட வியட்நாம் போர் சர்வீஸ நோண்டி ஆகஸ்ட்ல விளம்பரம் வந்துச்சு, அவர் நேரடியா வாய் தொறக்கவே ரெண்டு வாரம் ஆச்சு, கடைசில முடிவையே தீர்மானிச்ச ஒஹாயோ மாநிலம் சுமார் 1,18,000 ஓட்டுல கைய விட்டு போச்சு. இதனாலதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன்.

சப்டைட்டில் இல்லாட்டி எனக்கு ஓடாது, ஆனா இங்க விளம்பரத்துல பேசுறத அப்படியே எழுத்துலயும் போட்டிருக்காங்க, அதுக்கே அஞ்சு ஸ்டார்.