ஆர்-13ஆ, சி.எஸ்.வி.ஆரா?

பிளாஸ்டிக் கிளாரினெட்டில் தேறிய மாணவர் மரக் கருவிக்கு மாறும்போது இந்த இரண்டு மாடல்களின் பெயரும் காதில் விழும்.

பஃபே நிறுவனத்தின் ஆர்-13, 1955இல் ராபர்ட் காரே வடிவமைத்தது. உள்துளை ஒரே அகலமாக ஓடாது, படிப்படியாக மாறும். அந்த அடர்ந்த நாதத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒரு ஆர்-13ஐப்போல் இன்னொன்று இருக்காது. நாலைந்தை ஊதிப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள். ட்யூனரை (சுருதி காட்டும் கருவி) எதிரே வைத்து, அடியிலுள்ள ஈ, எஃப் சுரங்கள் இரண்டையும் உரக்க நீட்டி ஊதுங்கள். முள் கீழே சரிவது, அதாவது சுருதி இறங்குவது, தெரியும். எவ்வளவு சரிகிறது என்பதுதான் கேள்வி.

யமஹா சி.எஸ்.வி.ஆரும் ஆர்-13 போலவே கிரெனடில்லா என்ற கரிய, கடின மரம்தான், விலை பொதுவாகக் குறைவு. எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே குணம். நாதத்தில் வண்ணம் சற்றுக் கம்மி (என் காதுக்கு). நேரில் ஊதிப் பார்க்க வழியில்லையென்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

எதுவானாலும் புது மரம். முதல் சில வாரங்கள் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் ஊதுங்கள். அவசரப்பட்டால் விரிசல் விடலாம்.